எடுத்து வந்தவள்

மெரிகே எறிந்தாள்.
நான் போய் எடுத்து வந்தேன்.
வட்டெறிதல் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
போகும்போது பறக்கும்,
வரும்போது ஒரு கிலோ.

ராக்வெரெயில், பள்ளிக்குப் பின்னால்
உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வயல்.
அக்காவுக்குப் பதினான்கு, எனக்கு ஒன்பது.
முதல் வருடம் முப்பது மீட்டர் நடந்தேன்,
மறு வருடம் நாற்பத்தொன்று.
அவள் வளர்ந்ததை என் பூட்ஸ் அறியும்.
அக்டோபரில் வட்டு சேற்றில் செருகி நிற்கும்,
கழுவ மறந்த தட்டு மாதிரி.
ஜனவரியில் பனி விழுங்கிவிடும் என்று
சிவப்பு ரிப்பன் ஒட்டி அனுப்புவோம்.
ரிப்பன் மட்டும் வெளியே கிடக்கும்.
இழுப்பேன்.

பள்ளி இறுதி விழாவுக்கு உடை தைக்கப் போனோம்.
தையல்காரி அவள் தோளை இரண்டு முறை அளந்து,
எண்ணை எழுதாமல் நிமிர்ந்து,
"அண்ணனுக்கா?" என்றாள்.
அக்கா சிரித்தாள்.
அன்று மாலை நான் நடந்தது
நாற்பத்தெட்டு.

எதிர்க்காற்றில்தான் வட்டு தூரம் போகும்
என்றபோது நான் நம்பவில்லை.
பின்னாலிருந்து தள்ளும் காற்று
அதைத் தரையில் அமுக்கிவிடுமாம்.
இதை யாரும் தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
கடலோர ஊர்ப் போட்டிகளில்
கொடி எந்தப் பக்கம் ஆடுகிறதென்று பார்த்துவர
என்னை அனுப்புவாள், அதற்காகச் சொன்னது.

ஒலிம்பிக்கில் எடுத்துவர நான் இல்லை.
பொம்மைக் கார் ஒன்று வட்டை முதுகில் சுமந்து
புல்வெளியில் குடுகுடுவென்று திரும்பியது.
தொலைக்காட்சி முன் உட்கார்ந்து
ஒரு பொம்மைக் காரின் மேல் பொறாமைப்பட்டேன்.

அங்கே மழை. சிமென்ட் வட்டம் பளபளத்தது.
முதல் எறி வலைக்குள்.
இரண்டாவதில் குதிகால் விளிம்பைத் தொட, சிவப்புக் கொடி.
மூன்றாவதற்கு முன்
வரிசையில் அடுத்து நின்ற இஸ்க்ரா
தன் துண்டை நீட்டினாள்.
மெரிகே வட்டைத் துடைத்தாள், விரல்களைத் துடைத்தாள்,
சுழன்றாள்.
அறுபத்து மூன்று மீட்டர் இருபது.
கடைசிச் சுற்றில் இஸ்க்ரா:
அறுபத்து மூன்று முப்பத்தொன்று.

பதினோரு சென்டிமீட்டர்.
சமையலறையில் தேடிப் பார்த்தேன்,
ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தின் நீளம்.
நான்காம் இடத்துக்கு மேடை கிடையாது.
துண்டு மட்டும்
தவறுதலாக அவள் பையில் வந்துவிட்டது.

பிறகு முழங்கால்.
பிறகு மறுபடியும் அதே முழங்கால்.
பிறகு சாலைத் துறையின் பனி வழிக்கும் லாரி,
அதிகாலை மூன்று மணி, ஒரு குடுவைக் காப்பி,
ஊர் எழுமுன் ஊருக்கு வழி.

பத்தாவது குளிர்காலத்தில் போன் வந்தது.
உறைய வைத்திருந்த பழைய புட்டிகளைத் திறந்து
மீண்டும் சோதித்தார்களாம்.
இஸ்க்ராவினுடையதில் மருந்தாம்.
"ஆகவே வெண்கலம் உங்களுடையது."
"இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் பாக்கி.
பிறகு பேசுகிறேன்" என்று
அக்கா வைத்துவிட்டாள்.

கூடைப்பந்து ஆட்டம் ஒன்றின் இடைவேளையில் கொடுத்தார்கள்.
பாப்கார்ன் வாசனை.
கழுத்தில் போட எம்பினார் நகராட்சி அதிகாரி.
அவள் குனியவில்லை,
கை நீட்டி வாங்கிக்கொண்டாள்,
கடையில் மீதிச் சில்லறை வாங்குவதுபோல.
எல்லோரும் எழுந்து தட்டினார்கள்.
பிறகு இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.

இரவு, மாவு நிறுக்கும் தராசில் வைத்தோம்.
நானூற்றுப் பத்து கிராம்.
"பாதிகூட இல்லை" என்றாள்.

இஸ்க்ராவுக்கு எழுதலாமா என்றேன்.
"என்னவென்று?"
"துண்டு நம்மிடம் இருக்கிறதென்று."
பதில் சொல்லாமல்
பாத்திரங்களைக் கழுவினாள், கழுவியவற்றையும் கழுவினாள்.

விடியலில் லாரி போன சத்தம்.
ஜன்னலைத் திறந்தால்
பின்முற்றக் கயிற்றில் அந்தத் துண்டு,
துவைத்து விரித்து,
குளிரில் பலகையாய் விறைத்து.
முழங்கால்வரை பனி.
பூட்ஸை மாட்டிக்கொண்டு
நான் போய் எடுத்து வந்தேன்.